ஊசி ஒண்ணு... உயிர் ரெண்டு!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

தர்மபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி. பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து வர வேண்டிய ஊர். சேர்வராயன் மலையடிவாரம். வாணியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களைத் தாண்டினால் ஒரு சின்ன கிராமம். புதன்கிழமை என்பதால் துணை சுகாதார நிலையத்து வாசலில் கைக்குழந்தைகளோடு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஏழு மாத வயிற்றோடு ஒரு மருமகள். பக்கத்தில் மாமியார்.

"இன்னிக்கு இன்னொரு ஊசி இருக்குது கண்ணு. புதுசா வந்திருக்கு" என்கிறார் நர்ஸம்மா.

மருமகள் வாய் திறக்கவில்லை. மாமியார் முகத்தைப் பார்க்கிறாள்.

"ஏற்கெனவே ரெண்டு ஊசி போட்டாச்சே நர்ஸம்மா... இது எதுக்கு?"

"குழந்தைக்கு நெஞ்சுச்சளி வந்து மூச்சு முட்டாம இருக்கறதுக்குங்க ஆயா."

"குழந்தைக்குன்னா பொறந்த பிறகு குழந்தைக்குப் போடுங்க. வயித்துப்புள்ளக்காரியை எதுக்குக் குத்தறீங்க? வேண்டாம். வா அம்மிணி, போலாம்."

இந்தக் காட்சி இன்னும் நடக்கவில்லை. அரசாங்கத்தின் தேசிய தடுப்பூசிப் பட்டியலில் கர்ப்பிணிக்கென்று இருப்பது டி.டி. ஊசி ஒன்றுதான். ஆனால் உலகத்தின் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்குப் புதுப்புதுத் தடுப்பூசிகள் வந்துவிட்டன. நம் ஊர் வாசலுக்கும் ஒருநாள் வரலாம். அன்றைக்கு அந்த மாமியார் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது? ஊசி வந்து இறங்கிய பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே அனுபவங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் இப்போதே பேசி வைப்போமே!

மாமியார் கேட்டது நல்ல கேள்வி!

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். 'குழந்தைக்குத்தானே நோய்? தாய்க்கு எதற்கு ஊசி?' என்பது அறியாமையில் கேட்கும் கேள்வி அல்ல. விஷயத்தின் மையமே அதுதான்.

பிறந்த குழந்தையின் உடம்பு, நோயை எதிர்க்க இன்னும் பழகாத உடம்பு. கக்குவான் இருமலுக்கான தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை நம் நாட்டில் முதன்முதலாகப் போடுவதே ஆறாவது வாரத்தில்தான். 'நாற்பத்தஞ்சாம் நாள் ஊசி' என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். அடுத்தடுத்து பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போட்ட பிறகுதான் பாதுகாப்பு முழுமையாகும். அப்படியானால் பிறந்ததிலிருந்து முதல் இரண்டு மூன்று மாதம்? அந்த இடைவெளியில் கிருமி வந்தால் குழந்தைக்கு யார் காவல்?

தாய்தான் காவல்! கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போட்டால், சுமார் இரண்டு வாரத்தில் அவள் ரத்தத்தில் அந்த நோய்க்கான எதிர்ப்புப் புரதங்கள் உருவாகிவிடும். அவற்றை நஞ்சுக்கொடி குழந்தைக்குக் கடத்திக் கொடுக்கும். குறிப்பாக ஏழாம் மாதத்துக்குப் பிறகு இது மும்முரமாக நடக்கும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் தாயின் அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகமாகவே இந்தப் புரதங்கள் இருக்கும். குறைமாதத்தில் பிறந்தால் இந்தச் சீதனம் குறைந்துபோகும்.

சீம்பாலை யாரும் 'தாய்க்கான உணவு' என்று சொல்வதில்லையே! தாயின் உடம்பில் ஊறி, பிள்ளைக்குப் போகிறது. இந்த ஊசியும் அப்படித்தான். சீம்பால் பிறந்த பிறகு தரும் காவல். இது பிறப்பதற்கு முன்பே கட்டிக்கொடுத்து அனுப்பும் காவல். சில மாதங்களில் தானாகக் கரைந்துவிடும். அதற்குள் குழந்தைக்கான ஊசிகள் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

நமக்குப் புதுசா இது?

இல்லவே இல்லை. உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் உங்களைச் சுமந்தபோதே பெரும்பாலும் ஊசி போட்டிருப்பார்கள்.

ஒரு காலத்தில் பச்சிளங்குழந்தைகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோன நோய் ரண ஜன்னி. நல்லபடியாகப் பிறந்து, இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏதோ ஒரு நாள் பால் குடிப்பதை நிறுத்திவிடும். வாய் இறுகும். உடம்பு விறைத்து வில்லாக வளையும். சிகிச்சை கிடைக்காவிட்டால் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் இறந்துவிடும். பேய் அறைந்தது, தோஷம் என்றெல்லாம் பழி போட்டார்கள். உண்மையான காரணம், தொப்புள்கொடியை அறுத்த அரிவாளிலும், அறுத்த இடத்தில் வைத்த சாணத்திலும் சாம்பலிலும் இருந்த கிருமி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1988-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்த நோயால் இறந்தன.

இந்தியாவில் 1978-ல் விரிவான தடுப்பூசித் திட்டமும், 1985-ல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டமும் தொடங்கின. கர்ப்பிணிகளுக்கு ரண ஜன்னித் தடுப்பூசி என்பது வழக்கமானது. 2015-ல் இந்தியா, தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒழிப்பு என்றால், எந்த மாவட்டத்தை எடுத்தாலும் 1,000 பிரசவத்துக்கு ஒரு குழந்தைக்கும் குறைவாகவே இந்த நோய் வந்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

இது ஊசியால் மட்டும் நடந்ததா? அல்ல. சுத்தமான பிளேடு, சுத்தமான கை, ஆஸ்பத்திரிப் பிரசவம், வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 1987-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், ஏழைக் குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்குக் கைகொடுத்தது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. புதிய ஊசிகளுக்கு நாம் போடும் அஸ்திவாரம் இதுதான். இது பல நாடுகளுக்குக் கிடைக்காத அஸ்திவாரம்.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். முன்பு போட்ட ஊசி ரண ஜன்னிக்கு மட்டும். இப்போது போடுவது ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி. சில வருடங்களுக்கு முன்புதான் மாறியது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழில் எழுதினால் பழையதும் 'டி.டி.'தான், புதியதும் 'டி.டி.'தான்! அதே கை, அதே நர்ஸம்மா, அதே கார்டு. அதனால் சத்தமில்லாமல் மாறிவிட்டது. ஆனால் இனி வரக்கூடிய ஊசிகள் அப்படி வராது. பெயர் புதுசு, போடும் மாதம் புதுசு, காரணமும் புதுசு. அதனால் கேள்விகளும் வரும்.

வரிசையில் என்னென்ன?

*கக்குவான் இருமல்:* பெரியவர்களுக்கு வெறும் இருமல். பச்சைக் குழந்தைக்கோ மூச்சு நின்றே போகலாம். பிரிட்டனில் 2012-ல் இந்த நோய் திடீரென்று பரவி 14 குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 90 சதவிகிதம் பாதுகாப்பு கிடைத்ததாக அங்கே ஆய்வில் தெரிந்தது. நம் ஊரில் தனியார் மருத்துவமனைகளில் இந்த ஊசியைப் பல மகப்பேறு மருத்துவர்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பரிந்துரைக்கிறார்கள்.

*ஃப்ளூ காய்ச்சல்:* 2009-ல் 'பன்றிக் காய்ச்சல்' பரவியபோது மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 2012-ல் உலக சுகாதார நிறுவனம், இந்த ஊசியில் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்றது. இது தாய், பிள்ளை இரண்டு பேரையும் காப்பாற்றும்.

*ஆர்.எஸ்.வி.:* பெயர் புதுசாக இருக்கலாம், நோய் பழசுதான். குழந்தைக்கு மூக்கு ஒழுகலில் ஆரம்பித்து, நெஞ்சில் சளி கட்டி, விலா எலும்பு உள்ளே இழுக்க மூச்சு வாங்கும். இதற்குக் காரணமான முக்கியமான வைரஸ் இது. 2019-ல் உலகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இதனால் இறந்ததாக ஒரு கணிப்பு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைகள். இறந்தவர்களில் 100-க்கு 97 பேர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில்!

கர்ப்பிணிக்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கு அமெரிக்கா 2023 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. 18 நாடுகளில் சுமார் 7,400 பெண்களிடம் நடந்த ஆய்வில், பிறந்த முதல் 90 நாட்களில் கடுமையான நோயைச் சுமார் 82 சதவிகிதம் குறைத்தது. அர்ஜென்டினாவும் பிரிட்டனும் 2024-ல் தேசிய அளவில் போட ஆரம்பித்தன. 2025-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் ஒரு சிபாரிசு செய்தது: கர்ப்பிணிக்கு 28-வது வாரத்திலிருந்து இந்த ஊசி போடுங்கள், அல்லது பிறந்த குழந்தைக்கே நேரடியாக எதிர்ப்புப் புரத ஊசி போடுங்கள்.

பார்த்தீர்களா... மாமியார் சொன்ன வழியும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது!

*ஜி.பி.எஸ். என்ற பாக்டீரியா:* தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றி ரத்தத்தையும் மூளை உறையையும் பாதிக்கக் கூடியது. இதற்கான தடுப்பூசி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

பயம் நியாயமா?

'கர்ப்பத்தில் மாத்திரையே சாப்பிடாதே' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950-களின் கடைசியில் வாந்தி, மசக்கைக்காகப் பல நாடுகளில் கொடுத்த தாலிடோமைடு மாத்திரையால் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. 1961-ல் அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு மருந்து ஆராய்ச்சிகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே எல்லோரும் தயங்கினார்கள்.

தயக்கம் நல்லதற்குத்தான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி வந்தபோது, கர்ப்பிணிகளிடம் சோதிக்கவில்லை என்பதால் நம் நாட்டில் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். நடுவில் இரண்டாவது அலை வந்துவிட்டது. 2021 ஜூலை 2-ம் தேதிதான் கர்ப்பிணிகளும் போட்டுக் கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. அதுவரை 'போடக்கூடாது' என்று கேட்டுப் பழகிய காதில், திடீரென்று 'போடலாம்' என்றால் எப்படி ஏறும்? பல குடும்பங்கள் தயங்கியதில் ஆச்சரியமே இல்லை.

எல்லாத் தடுப்பூசியும் கர்ப்பிணிக்கு ஆகுமா? ஆகாது. உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமியால் செய்த ஊசிகளைக் கர்ப்பத்தில் போடுவதில்லை. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஊசிகள் இந்த வகை. இவற்றைக் கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்போ போட்டுக் கொள்ள வேண்டும். டி.டி., ஃப்ளூ, கக்குவான், ஆர்.எஸ்.வி. ஊசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறொரு கம்பெனி தயாரித்த ஆர்.எஸ்.வி. ஊசியை ஆய்வு செய்தபோது, போட்டுக்கொண்டவர்களிடம் குறைமாதப் பிரசவம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. 2022 பிப்ரவரியில் அந்த ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். இப்போது பயன்பாட்டில் உள்ள ஊசியின் ஆய்விலும் எண்ணிக்கையில் சிறு வித்தியாசம் தெரிந்தது. தற்செயலாக வரக்கூடிய அளவுதான் என்றாலும், அமெரிக்கா எச்சரிக்கையாக 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டுமே போட அனுமதித்தது. கண்காணிப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. மறைத்தால்தான் வதந்தி முளைக்கும்.

வதந்தி முந்திக் கொண்டால்...

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தன. தமிழகமே அதிர்ந்தது. அதன்பின் கிராமங்களில் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போட ஆரம்பித்தார்கள். எச்சரிக்கை சரிதான். ஆனால் மலைக் கிராமத்துத் தாய் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வர வேண்டியதாயிற்று. ஒரு விபரீதம், கட்டி வைத்த வழக்கத்தையே மாற்றிவிடும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் ஆரம்பித்தபோது வாட்ஸ்-அப்பில் ஒரே பயமுறுத்தல். பள்ளிக்கூடத்தில் போடவிடாமல் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு. அரசு முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. இத்தனைக்கும் ரூபெல்லா என்பது கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயத்தைப் பாதிக்கிற நோய்!

கென்யாவில் 2014-ல், பெண்களுக்குப் போடும் ரண ஜன்னி ஊசியில் மலடாக்கும் மருந்து கலந்திருப்பதாகச் சர்ச்சை கிளம்பியது. அதற்கு முன்பே பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலும் இதே கதை ஓடியது. ஊர் மாறும், வதந்தி மாறாது.

எண்ணி வைத்தால் பயம் குறையும்!

இனிதான் முக்கியமான விஷயம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இந்தியாவில் 100 குழந்தைகள் பிறந்தால் சுமார் 13 குழந்தைகள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகின்றன. எந்த ஊசியும் போடாவிட்டாலும் இது நடக்கிறது. ஒரு வட்டாரத்தில் 1,000 கர்ப்பிணிகளுக்குப் புது ஊசி போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 130 பேருக்கு எப்படியும் குறைமாதப் பிரசவம் ஆகும். சிலருக்கு ஊசி போட்ட மறுவாரமே ஆகும். பெற்றவள் மனசு என்ன நினைக்கும்? 'ஊசி போட்டதால்தான்!' அந்தத் தெரு முழுக்க அடுத்த புதன்கிழமை யாரும் வரமாட்டார்கள்.

உண்மை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசி வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் எத்தனை குறைமாதப் பிரசவம், எத்தனை குறைப்பேறு என்று ஒழுங்காக எண்ணி வைத்திருந்தால்தான் முடியும். 130 அப்படியே இருந்தால் ஊசிமீது பழி இல்லை. 130 என்பது 180 ஆனால், உடனே நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஊசி வந்த பிறகு எண்ண ஆரம்பித்தால், ஒப்பிடுவதற்குப் பழைய கணக்கே இருக்காது. நிரபராதி ஊசியையும் விரட்டிவிடுவோம். குற்றவாளி ஊசியையும் தப்பவிட்டுவிடுவோம்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கர்ப்பம் தெரிந்ததும் பதிந்து வாங்கும் 'பிக்மி நம்பர்' இருக்கிறதே... பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள் என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். உண்மையில் தாயையும் பிள்ளையையும் தொடர்ந்து கவனிக்கிற கணக்கு அது. பதிவு சரியாக இருந்தால் அதுவே நமக்குத் துலாக்கோல்.

வளைகாப்பும் ஒரு சிக்கலும்!

புதிய ஊசிகள் போடும் நேரம் எது? 28-லிருந்து 36 வாரம். அதாவது ஏழாம் மாதக் கடைசியிலிருந்து ஒன்பதாம் மாதம் வரை. நம் வீடுகளில் அப்போது என்ன நடக்கும்? வளைகாப்பு! ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் அடுக்கி, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் பதிவு செய்த பெண், ஊசி போட வேண்டிய வாரத்தில் சேலத்திலோ, ஊத்தங்கரையிலோ தாய்வீட்டில் இருப்பாள். வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் வருபவர்கள் வேறு இருக்கிறார்கள்.

இந்த ஊர் நர்ஸம்மா, 'அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்' என்று எழுதுவார். அந்த ஊர் நர்ஸம்மாவுக்கு இவள் வந்ததே தெரியாது. ஊசி நடுவில் விழுந்துவிடும். வெளிநாட்டில் எழுதிய எந்தத் திட்டத்திலும் நம் வளைகாப்பு இருக்காது. நாம்தான் யோசிக்க வேண்டும். சீர்வரிசைத் தட்டோடு தாய்-சேய் நல அட்டையும் போக வேண்டும்!

இரண்டாவது, வாரக் கணக்கு. 'ஆடி அமாவாசைக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சேன்' என்ற கணக்கு டி.டி. ஊசிக்குப் போதும். 32 வாரமா 27 வாரமா என்று தெரிய வேண்டிய ஊசிக்குப் போதாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் துல்லியமாகச் சொல்லும். ஆகவே சீக்கிரம் பதிவு, சீக்கிரம் ஸ்கேன்.

மூன்றாவது, குளிர். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சூடுதான் ஆபத்து என்று நினைப்போம். டி.டி. போன்ற ஊசிகள் உறைந்து போனாலும் கெட்டுவிடும்! ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைத்துக் கொண்டுபோனால் வீணாகிவிடும். கரண்டு போகும் ஊருக்கும், சித்தேரி மலை போன்ற இடத்துக்கும் எடுத்துப் போகிறவர்களுக்குப் பயிற்சியும் நல்ல பெட்டியும் வேண்டும்.

நான்காவது, நர்ஸம்மாவின் நேரம். கேள்விக்குப் பதில் சொல்லப் பத்து நிமிஷம் வேண்டும். நூறு பேர் நிற்கும் வரிசையில் அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வரும்? ஆள் போடாமல் ஊசி மட்டும் அனுப்பினால், 'கையை நீட்டு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நம்பிக்கையும் அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

● கர்ப்பம் தெரிந்த உடனே பதியுங்கள். மூன்றாவது மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து, பிரசவத் தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள்.

● டி.டி. ஊசியைத் தவறவிடாதீர்கள். முதல் ஊசி கர்ப்பம் தெரிந்ததும். இரண்டாவது நான்கு வாரம் கழித்து. முந்தைய பிரசவத்தில் இரண்டு ஊசியும் போட்டு மூன்று வருடத்துக்குள் மறுபடி கர்ப்பம் என்றால் ஒரு பூஸ்டர் போதும்.

● தனியார் டாக்டரிடம் போகிறவர்கள், கக்குவான் மற்றும் ஃப்ளூ ஊசி தேவையா என்று கேளுங்கள். போட்டதை அட்டையில் பதியச் சொல்லுங்கள்.

● தாய்வீட்டுக்குப் போகும்போது அட்டையும் பிக்மி நம்பரும் கையில் இருக்கட்டும். போன வாரமே அந்த ஊர் செவிலியரைப் பாருங்கள்.

● ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான வீக்கம், ஒருநாள் காய்ச்சல் வரலாம். டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். ஊசி போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, வயிற்றுவலி, பிள்ளை அசைவு குறைவது எது வந்தாலும் ஊசியா, வேறா என்று வீட்டில் விவாதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

● எதையும் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கணக்கில் ஏறும். அது அடுத்த கர்ப்பிணிக்கு நீங்கள் செய்யும் உபகாரம்.

● வாட்ஸ்-அப்பில் ஏதாவது வந்தால் அனுப்பி வைக்கும் முன் 104-க்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

மறுபடியும் அந்த வாசல்...

அதே கிராமம். அதே புதன்கிழமை. ஆனால் இந்தத் தடவை, ஊசி வருவதற்கு ஆறு மாதம் முன்பே நர்ஸம்மா வந்து பேசியிருக்கிறார். மருமகள்களிடம் மட்டுமல்ல. மாமியார்களை, கணவன்மார்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்.

"குழந்தைக்குன்னா குழந்தைக்கே போடலாமில்ல?"

"நீங்க கேக்கறது சரிதாங்க ஆயா. அப்படியும் ஒரு மருந்து சில நாட்டுல இருக்குது. இங்கே வந்திருக்கறது இது. குழந்தை பொறந்து முதல் மூணு மாசம்தான் ஆபத்து. அம்மாவுக்குப் போட்டா, பொறக்கும்போதே காவலோட பொறக்கும்."

"குறைமாசத்துல பொறந்துடும்னு சொல்றாங்களே?"

"அந்தச் சந்தேகம் டாக்டருங்களுக்கும் இருந்துச்சு. அதனாலதான் மாசம் பார்த்துப் போடறோம். நம்ம ஊர்ல எத்தனை பேருக்குக் குறைமாசம் ஆவுதுன்னு இப்பவே எழுதி வச்சிருக்கோம். கூடுனா நிறுத்திடுவோம். போடறதும் வேண்டாங்கறதும் உங்க மருமக இஷ்டம்."

மாமியார் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்க்கிறார்.

"நீ என்ன கண்ணு சொல்றே?"

இந்தக் கேள்வியை எந்தக் கம்பெனியும் பாட்டிலில் அடைத்து அனுப்ப முடியாது. அதை நம் வீடுகளில்தான் தயார் செய்ய வேண்டும்.